'பிளெத்தோரா' தெரியும், 'அவாய்ட்' வராது: பிறை வட்டாரப் படிவம் 2 மாணவர்களின் ஆங்கிலச் சொல்வளம் – ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தீவில் இல்லை, செபராங் பிறைப் பக்கம்தான் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் அங்கிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். சிலர் நேராகப் படிவம் 1-க்கும் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு), சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டும் போகிறார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அவர்களின் படிவம் 2 டியூஷன் வகுப்பு. பன்னிரண்டு பேர், வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். இது குறிப்பிட்ட ஒரு சென்டரின் பதிவேடு அல்ல. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் நிலையை ஒரே வகுப்பாகத் திரட்டியிருக்கிறோம். அதனால் இத்தனை விழுக்காடு முன்னேற்றம் என்ற அட்டவணை இதில் கிடையாது. எதைச் சோதிப்பது, எதை முதலில் கற்பிப்பது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் சொல்கிறோம்.

கட்டுரை நோட்டு காட்டுவது

எந்த மாணவரின் கட்டுரையை எடுத்தாலும் முதல் வரி பளபளக்கும். 'ஆன் எ ப்ரைட் அண்ட் சன்னி மார்னிங்' என்று தொடங்கும், அல்லது 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வரும். நடுவில் 'ஏராளம்' என்ற பொருளில் ஒரு 'பிளெத்தோரா' தலைகாட்டும். மூன்றாவது வரியிலேயே 'மை மதர் நாட் கிவ் மீ கோ' என்று சரிந்துவிடும். 'அலவ்' (அனுமதி) என்ற சாதாரண வினைச்சொல் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். மலாயின் 'தாக் பாகி' ('கொடுக்கவில்லை', அதாவது விடவில்லை) அப்படியே ஆங்கில உடையில் வந்து நிற்கிறது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்த 'பாம்பாஸ்டிக் வோர்ட்ஸ்' பட்டியல். நூறு இருநூறு ஆடம்பரச் சொற்களைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் இந்நாட்டு டியூஷனில் வேரூன்றிவிட்டது. பெற்றோருக்கும் அதில் திருப்தி. பிள்ளை வாயில் பெரிய சொல் வருகிறதே!

படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம்மின் ஆங்கிலத் தாள் (1119) 2021 முதல் சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலுக்கு மாறிவிட்டது. எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள். முதலாவது சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல் பதில், இரண்டாவது 125 முதல் 150 சொல், மூன்றாவது 200 முதல் 250 சொல். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். அது உள்ளடக்கம், வாசகருக்கேற்ற நடை, ஒழுங்கமைப்பு, மொழி என நான்காகப் பிரிந்து தலா ஐந்தாக வழங்கப்படுகிறது. நண்பனுக்கு எழுதும் 80 சொல் பதிலில் 'பிளெத்தோரா' போட்டால் மொழிக்குக் கிடைக்கும் லாபத்தைவிட நடையில் போகும் நஷ்டம் அதிகம்.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இலும் படிவம் 3 தேர்வான பிடி3 2022இலும் நீக்கப்பட்டன. இப்போது பள்ளி அளவில் யுஏஎஸ்ஏ என்ற ஆண்டிறுதித் தேர்வு இருக்கிறது. ஆனால் அது தரும் ஒற்றை அடைவுநிலையைப் பார்த்துப் பிள்ளைக்கு எந்தச் சொல் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தனியாகத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

முதல் வாரம் பாடமே நடத்துவதில்லை.

முதலாவது, அடுக்குச் சோதனை. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொற்களை ஆயிரம் ஆயிரமாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறை இது. மொழியியலாளர் பால் நேஷன் 1983இல் வகுத்தார், நார்பர்ட் ஷ்மிட் குழுவினர் 2001இல் புதுப்பித்தார்கள். ஆறு சொற்கள் ஒரு பக்கம், மூன்று பொருள் மறுபக்கம். பொருத்தமான மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படிப் பத்துக் கட்டங்கள், ஓர் அடுக்குக்கு 30 மதிப்பெண். 26-க்குக் குறைந்தால் அந்த அடுக்கு இன்னும் கைவசமாகவில்லை என்று கொள்கிறோம்.

இரண்டாவது, தெரியும்-தெரியாது சோதனை. நாற்பது சொற்களில் பத்து, ஆங்கிலம்போல் ஒலிக்கும் போலிச் சொற்கள். போலிச் சொல்லுக்கும் 'தெரியும்' என்று டிக் போடும் பிள்ளை யார் என்று பார்ப்பதற்காக இது. திட்டுவதற்காக அல்ல. அந்தப் பிள்ளை பிறகு சொல் கார்டு படிக்கும்போதும் 'தெரியும்' என்று சொல்லித் தாண்டிவிடும் என்பதால் முன்கூட்டியே குறித்துவைக்கிறோம்.

மூன்றாவதுதான் முக்கியம். தயாரிப்பு இல்லாமல் 15 நிமிடத்தில் 120 சொல் எழுத வேண்டும். அதோடு, வாக்கியத்தில் ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்து மீதியை நிரப்பச் சொல்லும் இருபது கேள்விகள்.

வழக்கமாக வெளிப்படும் படம் இது. முதல் ஆயிரம் அடுக்கு கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். இரண்டாம் ஆயிரத்தில் ஓட்டைகள். மூன்றாம் ஆயிரம் பாதிதான். அதற்கும் மேலே, எங்கோ எட்டாவது ஒன்பதாவது ஆயிரத்தில் கிடக்கும் ஆடம்பரச் சொற்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஓட்டைகளும் தாறுமாறாக விழுவதில்லை. பெயர்ச்சொற்கள் தேறிவிடும். 'அவாய்ட்', 'அலவ்', 'ப்ரொவைட்', 'ரெஃப்யூஸ்', 'அஃபோர்ட்', 'மேனேஜ்' போன்ற வினைகளும், 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'வேராஸ்' போன்ற இணைப்புகளும், 'எஃபர்ட்', 'பர்பஸ்', 'பெனிஃபிட்' போன்ற அருவப் பெயர்களும்தான் விழுந்து கிடக்கும். இதில் வியப்பில்லை. தொடக்கப்பள்ளியில் சொல் படத்தோடு வருகிறது. யானையைப் படமாக வரையலாம், 'அன்லெஸ்' என்பதை வரைய முடியாது. பின்னர் ஆசிரியர் பத்தி முழுவதையும் தமிழிலோ மலாயிலோ பெயர்த்துச் சொல்லிவிடும்போது, இந்தச் சொற்கள் பொருளுக்குள் கரைந்து கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

இன்னொன்று, பொருத்தும் சோதனையில் சரியாகச் செய்த சொல்லையே எழுதும்போது கோட்டை விடுகிறார்கள். 'டீச்சர், அர்த்தம் தெரியும், எழுத வரல' என்று பிள்ளைகள் சொல்வது சாக்கு அல்ல, துல்லியமான நோயறிதல். பிடிபட வேண்டியவை இந்த அரைகுறைச் சொற்கள்தான். வாரம் நூறு புதுச் சொல் கொட்டுவதால் அவை தேறுவதில்லை.

'பேப்பர் படி' என்ற அறிவுரை

1971இல் பினாங்கில்தான் 'தி ஸ்டார்' ஆங்கில நாளிதழ் தொடங்கியது. பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து 'தினம் படி, இங்கிலீஷ் வந்துடும்' என்று சொல்லாத வீடு இங்கே குறைவு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பத்தியில் 95 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்தால், 300 சொல்லில் 15 சொல் தெரியாதவை. 98 விழுக்காடு தெரிந்தால் ஆறு. ஆறு என்றால் இடம் பொருள் பார்த்து ஊகிக்கலாம். பதினைந்து என்றால் படிப்பது நின்றுபோய் அகராதி புரட்டுவதே வேலையாகிவிடும். நாளிதழை அந்த 98-இல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். மூவாயிரத்தில் தடுமாறும் பிள்ளைக்கு நாளிதழ் தண்டனைதான்.

அதற்குப் பதில், சொல் அளவு கட்டுப்படுத்தி எழுதிய படிநிலை வாசிப்பு நூல்கள் வேண்டும். வகுப்புக்கு முப்பது மெல்லிய புத்தகங்கள், ஆளுக்கு வாரம் ஒன்று. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொல் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். இரண்டுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். படிவம் 2 பையனுக்குச் சின்னப் புத்தகம் கையில் பிடிக்க வெட்கமாக இருக்கும். அட்டை போட்டுக் கொடுத்தால் பாதி வெட்கம் போய்விடும். தீவில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் 2016இல் திறந்த பினாங்கு டிஜிட்டல் நூலகம் நல்ல இடம்தான். ஆனால் பட்டர்வொர்த் பிள்ளை பெர்ரி ஏறி, பஸ் மாறிப் பள்ளி நாளில் அங்கே போய்வருவது நடக்காத காரியம். புத்தகம் வகுப்பிலேயே இருக்க வேண்டும்.

வாரம் பத்துச் சொல்

ஒரு வகுப்புக்கு ஐந்து, வாரத்துக்குப் பத்து. பெற்றோர் முதலில் கேட்பது 'இவ்வளவுதானா?' என்றுதான். நாளைக்கு இருபது சொல் வீதம் படித்த பிள்ளையிடம் மூன்று வாரம் கழித்து அதே பட்டியலைக் கேட்டுக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். மறதி எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்துக் காட்டிவிட்டார். நாம்தான் ஒவ்வொரு தலைமுறையாகப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பத்தில் ஐந்தாறு வினைகள், இரண்டு இணைப்புகள், மீதி அருவப் பெயர்கள். எல்லாம் இரண்டாம், மூன்றாம் ஆயிரத்திலிருந்து. கட்டாயமான ஒரு விதி உண்டு. பொருள் நெருங்கிய சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தக் கூடாது. பயிற்சிநூல்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன, பார்க்க ஒழுங்காக இருக்கும் என்பதற்காக. புதிதாகக் கற்கும்போது நெருங்கிய சொற்கள் ஒன்றையொன்று குழப்புகின்றன என்று ஆய்வாளர் டின்காம் 1990களிலேயே சோதித்துக் காட்டினார்.

நம் பிள்ளைகளிடம் இதற்கு நல்ல சான்று 'பாரோ', 'லெண்ட்'. 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்' என்று கேட்பது மலாய்ப் பேச்சில் 'பிஞ்சாம்' இரண்டுக்கும் ஓடுவதால். வீட்டுத் தமிழில் இரவல் வாங்குவதும் இரவல் கொடுப்பதும் தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன. பிள்ளை தமிழ்வழி யோசித்தால் தப்பாது. 'பாரோ' முதலில், அது ஊறிய பிறகு மூன்று வாரம் கழித்து 'லெண்ட்'. இரண்டுக்கும் தமிழ்ப் பொருளை நேராகச் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்ற விறைப்பு எங்களுக்கு உடன்பாடில்லை. 'ரெஃப்யூஸ்' என்றால் மறுத்தல் என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டு, மிச்சப்பட்ட நான்கு நிமிடத்தைச் சொல்லைப் பயன்படுத்துவதில் செலவிடலாம்.

கார்டில் என்ன இருக்க வேண்டும்

ஏ4 அட்டைத் தாளை நான்காக வெட்டினால் போதும். முன்பக்கத்தில் சொல்லை எழுதுவதில்லை. ஒரு வாக்கியம் எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விட்டு, தமிழ்ப் பொருளை மட்டும் கீழே குறிக்கிறோம். பின்பக்கத்தில் சொல், அதோடு சேர்ந்து வரும் இரண்டு தொடர்கள், சொற்குடும்பம், ஓர் எச்சரிக்கை. 'அவாய்ட்' கார்டின் பின்பக்கம் இப்படி: 'அவாய்ட் எ ஃபைட்', 'அவாய்ட் ஈட்டிங் லேட்', குடும்பம் 'அவாய்டபிள்', 'அன்அவாய்டபிள்', எச்சரிக்கை: பின்னால் 'டு' வராது, 'ஃப்ரம்' வராது. 'அவாய்ட் ஃப்ரம்' என்று எழுதுவது மலாயின் 'மெங்ஙேலாக் டாரிபாடா' பழக்கத்தால். 'ப்ரிவென்ட்' உடன் 'ஃப்ரம்' வருகிறது என்பதால் அந்தச் சொல்லை ஒரு மாதமாவது தள்ளியே வைக்கிறோம்.

'தப்புச் செய்தேன்' என்பதை நேராகப் பெயர்த்து 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதும் பிள்ளைக்குத் தனிச்சொல் தெரியாமல் இல்லை. 'மேக்' உடன்தான் அது சேரும் என்பது தெரியவில்லை. சேர்ந்து வரும் சொல் இல்லாத கார்டு அரைக் கார்டுதான்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கார்டில் எழுதவிடுவதில்லை. எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. 'வெஜிடபிள்' என்று தமிழில் எழுதிவைத்தவர் நான்கு அசையையும் முழங்கிச் சொல்வார். அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு, அகராதிச் செயலியில் மூன்று முறை கேட்டுத் திருப்பிச் சொல்வது, அவ்வளவு போதும்.

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பிரபலப்படுத்திய ஐந்தறைப் பெட்டி முறையே கார்டுகளுக்கு. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரம், நான்காவது இரண்டு வாரம், ஐந்தாவது மாதம். சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். காலணிப் பெட்டியில் அட்டைத் தடுப்பு வைத்தால் வேலை முடிந்தது.

இதில் கெடும் இடங்கள் உண்டு. பெரும்பாலோர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஆ, இதுதான் நினைச்சேன்' என்று அடுத்த அறைக்குத் தள்ளுவார்கள். திருப்புவதற்கு முன் சொல்லைக் கிறுக்கல் தாளில் எழுத வேண்டும், எழுத்துப்பிழையும் தவறுதான். கைப்பேசியில் 'அங்கி', 'குவிஸ்லெட்' போன்ற கார்டுச் செயலிகளை வைத்துப் படிப்பவர்களும் இதே ஏமாற்றைச் செய்யலாம். 'ஈஸி' பொத்தானை அழுத்துவது அதைவிடச் சுலபம். இரண்டாவது கோளாறு, தேக்கம். முதல் அறையில் இருபது கார்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்த வாரம் அவருக்குப் புதுச் சொல் கிடையாது. இதை ஆசிரியர் பிடிவாதமாகக் கடைப்பிடிக்காவிட்டால் ஆறாவது வாரத்தில் பெட்டி மேசைக்கடியில் போய்விடும்.

மலாய் கொடுக்கும் இலவசம்

இதை வீணடிக்கிறோம் என்பது எங்கள் கருத்து. 'போப்புலாசி', 'சித்துவாசி' என்று 'சி' என முடியும் நூற்றுக்கணக்கான மலாய்ச் சொற்கள் ஆங்கிலத்தில் 'ஷன்' ஆகின்றன. 'அக்திவிதி', 'கொமுனிதி' இரண்டும் 'ஆக்டிவிட்டி', 'கம்யூனிட்டி'. 'சுப்ஜெக்', 'ப்ரோஜெக்' இரண்டும் இறுதியில் 'டி' ஏற்றுக்கொள்கின்றன. ஒரே மாலையில் ஐம்பது சொல்லை இப்படி எடுத்துவிடலாம், கார்டே வேண்டாம். அறிவியலையும் வரலாற்றையும் மலாயில் படிக்கும் பிள்ளைக்கு இவை ஏற்கெனவே பழக்கம்.

விலை எழுத்துக்கூட்டலில் வருகிறது. 'டிக்கெட்', 'கிளினிக்', 'போலீஸ்', 'டாக்சி' நான்கையும் ஆங்கிலக் கட்டுரையில் மலாய் எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவார்கள். இந்த நான்கோடு 'எக்கானமி', 'ரெஸ்டாரன்ட்' என இன்னும் சிலவற்றைச் சேர்த்து, மலாய் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் அருகருகே எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் சில சொற்களையும் ஒரு முறை காட்டிவிட வேண்டும். எஃப், ஏ, ஐ, எல் என்ற நாலெழுத்து ஆங்கிலத்தில் தோல்வி, மலாயில் கோப்பு. ஏ, ஐ, ஆர் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர். சிரித்துக்கொண்டே மனத்தில் பதிந்துவிடும்.

90 நிமிடம்

முதல் பத்து நிமிடம் வெற்றுத்தாள். போன வாரத்துப் பத்துச் சொற்களை எதையும் பார்க்காமல் எழுதவேண்டும். அடுத்த இருபது நிமிடம், புதுச் சொற்கள் ஐந்தும் வரும் 150 முதல் 200 சொல் பத்தி. பிறகு சொல்லுக்கு ஐந்து நிமிடமாக 25. வாக்கியத்திலிருந்து ஊகம், தமிழ்ப் பொருள், சேர்ந்து வரும் தொடர், சொந்த வாக்கியம், உடனே திருத்தம். 15 நிமிடம் இருவர் இருவராகப் பேச்சு, 15 நிமிடம் அறுபது சொல் எழுத்து. அந்த எழுத்தில் அன்றைய ஐந்து புதுச் சொற்களில் மூன்றாவது வரவேண்டும். கடைசி ஐந்து நிமிடம் பெட்டியில் கார்டு சேர்க்க.

சொந்த வாக்கியம்தான் சோம்பலுக்கு வழிவிடும் இடம். 'ஐ அவாய்ட் த டாக்', 'ஐ அவாய்ட் த கேட்' என்று பன்னிரண்டு பேரும் விலங்குக் கண்காட்சி நடத்துவார்கள். கட்டுப்பாடு வைத்தால் சரியாகும். வாக்கியத்தில் 'பிகாஸ்' வேண்டும், பிறை மார்க்கெட்டோ பள்ளிக் கேன்டீனோ வரவேண்டும், பத்துச் சொல்லுக்குக் குறையக் கூடாது. உடனே 'தைப்பூசத்தன்று அந்தச் சாலையைத் தவிர்த்தோம், ஏனென்றால் நெரிசல்' என்ற பொருளில் உருப்படியான வாக்கியம் வரும்.

பன்னிரண்டாவது வாரம்

மூன்று சோதனைகளையும் வேறு தாளில் திரும்ப வைக்கிறோம். முதலில் ஏறுவது பொருத்தும் சோதனையின் மதிப்பெண். எழுத்து பின்தங்கியே வரும், அதைக் கண்டு திட்டத்தை மாற்றக் கூடாது. தயாரிப்பின்றி எழுதிய 120 சொல்லில், யாரும் கேட்காமலே வகுப்புச் சொல் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுகிறோம். பெட்டியில் நூறு கார்டு இருந்து, கட்டுரையில் இன்னும் 'வெரி நைஸ்', 'வெரி ஹாப்பி' மட்டுமே ஓடினால், அந்தப் பிள்ளைக்குக் கார்டைக் குறைத்து எழுத்தைக் கூட்ட வேண்டும். வாசிப்பை எஸ்பிஎம் முதல் தாளின் இரண்டாம் பகுதியைக் கொண்டு அளக்கலாம். மொத்த 40 கேள்வியில் பத்து அங்கே, பத்தியில் விடுபட்ட சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். இணைப்புச் சொற்களும் சேர்ந்து வரும் வினைகளும் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள இடைவெளி அதில் பளிச்சென்று தெரியும்.

மூன்றாம் ஆயிரத்திலும் 26-ஐ எட்டியவர்களுக்குப் படிவம் 3 முடிவில் வேறு பட்டியல். ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. படிவம் 4, 5-க்கு அதுவே பொருத்தமான அடுத்த படி. ஏற்கெனவே மனப்பாடமாகிவிட்ட ஆடம்பரச் சொற்களை மறக்கச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதியில், அதுவும் கதை எழுதும்போது மட்டும், ஒரு கட்டுரைக்கு ஒன்று என்று அனுமதிக்கிறோம். அந்தச் சொல்லுக்கும் கார்டு எழுதி, சேர்ந்து வரும் இரண்டு தொடர்களைக் காட்டினால்தான்.